குறுக்கில் விழுந்தது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மஹ்மூத் ஹாஜியார் அவர்களே, வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தொழிற்சங்கத்துப் பெரியவர் இராமகிருஷ்ணன் அவர்களே, மறைந்த வைத்தியரின் துணைவியார் தெரேசா அம்மா அவர்களே, மகள் வைத்தியர் மேபல் அவர்களே, கலஹாவிலிருந்தும் மடவளையிலிருந்தும் இந்த மழையிலே பஸ் பிடித்து கெலிஓயாவுக்கு வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கதிரையில் இருப்பவர்களே, சுவரோரம் நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சுவரோரம் நிற்பவர்களைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

நான் பஸ்தியாம்பிள்ளை. அந்தப் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது. முதலியார் ஐயா என்றால்தான் தெரியும்; விசாரணை மொழிபெயர்ப்பாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்டியிலே தொழிலாளர் நட்டஈட்டு விசாரணைகளில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். தோட்டத்து ஆள் தமிழில் சொல்வதை விசாரணை அதிகாரிக்கு இங்கிலீஷில் சொல்வேன். அதிகாரி கேட்பதைத் தமிழில் திருப்பிச் சொல்வேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சாட்சி 'நான் விழுந்தேன்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான் விழுந்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் ஆயிரம் பேருடைய 'நான்' என் வாயால் வந்து போனது. என்னுடைய 'நான்' ஒருநாளும் வந்ததில்லை. இன்றைக்கு வரப்போகிறது. கேட்க அழகாக இராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியர் கிறகரி அவர்களைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் என்று சொன்னார்கள். முறையாகப் படித்து, பதிவு பெற்று, இந்தக் கெலிஓயாச் சந்தியில் பலகை மாட்டிக்கொண்டு நாற்பது வருஷம் முதுகெலும்பும் சதையும் நரம்பும் பார்த்தவர் என்று சொன்னார்கள். உண்மை. ஆனால் அவர் சாட்சிப் பெட்டியிலே நின்றதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்திருக்கிறேன். ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் சொல்லும். சதை கிழிந்தால், நரம்பு நசுங்கினால், எந்தப் படம் சொல்லும்? அந்தக் காலத்தில் ஒன்றும் சொல்லாது. தோட்டத்து மருந்துக்காரர் வெளிக்காயம் இல்லை என்று துண்டு எழுதுவார். கம்பனிச் சட்டத்தரணி அந்தத் துண்டை நீட்டுவார். அதற்கு எதிரே நிற்க ஒரு மனிதர்தான் இருந்தார். விரலால் தடவிப் பார்த்து, எந்த இடத்தில் சதை இறுகியிருக்கிறது, எந்தக் கணு விலகியிருக்கிறது, என்ன மாதிரி அடி பட்டால் அப்படி ஆகும் என்று வரிசையாகச் சொல்லுவார். பொய் சொல்ல மாட்டார். ஒருதடவை கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவருக்காகச் சங்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பெட்டியில் ஏறி நின்று, "இது போன மாசத்து அடி இல்லீங்க. பத்து வருசத்து வலி. வேலையால வந்ததுதான், ஆனா அன்னைக்கு வந்ததில்ல" என்றார். சங்கத்துக்காரர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். இராமகிருஷ்ணன் ஐயா, நீங்கள் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. தலையை ஆட்டுகிறீர்கள்; நல்லது.

இப்படிப்பட்ட மனிதரை 'நம்பத்தகாத சாட்சி' என்று ஒரு தீர்ப்பு சொன்னது. அது உங்களுக்கெல்லாம் தெரியும். கம்பனிக்காரன் செய்த சதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சற்று முன் ஒரு பேச்சாளரும் அப்படித்தான் சொன்னார். இல்லை ஐயா. அது என் வேலை.

அந்தத் தாள் மனிதனைப் பற்றி இராமகிருஷ்ணன் அவர்கள் சொன்னார். வைத்தியர் எந்த விசாரணைக்குப் போனாலும் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு போவாரே, கடையில் சாமான் சுற்றும் பழுப்புத் தாளில் ஒரு ஆளின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்தது. சிவப்புப் பென்சிலால் இடத்தைக் குறித்துக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "எந்தப் படித்த டொக்டருக்கு இந்தப் புத்தி வந்தது?" என்று இராமகிருஷ்ணன் கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அந்தப் படம் ஏன் வந்தது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவரைப் போன செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். மற்றவன் உங்கள் முன் நிற்கிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்று, ஐப்பசி மாதம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து மூன்று வருஷம். மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் முதலாம் பிரிவில் சித்தியடைந்தவன் என்ற மண்டைக்கனம். தோட்டத்து ஆட்கள் பேசுவது கொச்சைத் தமிழ் என்றும், அதைத் துப்புரவாக்கி இங்கிலீஷாக்குவது என் திறமை என்றும் நினைப்பு. அன்றைக்கு வந்த வழக்கு, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுடையது. பெயர் மூக்காயி. முப்பது வயது.

நடந்தது இதுதான். கொழுந்து நிறுத்து முடிந்து மூட்டைகளை லொறியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூக்காயி லொறிக்குக் கீழே குனிந்து சிதறிய கொழுந்தை அள்ளிக்கொண்டிருந்தார். மேலே இருந்த ஈர மூட்டை ஒன்று உருண்டு அவர் மேல் விழுந்தது. அன்றைக்குப் பிறகு அவரால் கூடை தூக்க முடியவில்லை. கம்பனி வேறு கதை சொன்னது. மலையிலிருந்து லயத்துக்கு இறங்க ஒரு குறுக்குப் பாதை இருந்தது. வழுக்கும் என்று தோட்டத்துத் துரை தடை போட்டிருந்த பாதை. வேலை முடிந்து, தடையை மீறி அந்த வழியே போய்ச் சறுக்கி விழுந்தாள், ஆகவே இது வேலையால் வந்த காயம் அல்ல, நட்டஈடு இல்லை. இதுதான் கம்பனியின் கதை.

கம்பனிச் சட்டத்தரணி எழுந்தார். எங்கே விழுந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்: "எங்கை விழுந்தது?"

மூக்காயி சொன்னார்: "குறுக்குல விழுந்துச்சுங்க. நல்லா நடுக் குறுக்குல."

இந்த மண்டபத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் இதன் அர்த்தம் தெரியும். குறுக்கு என்றால் முதுகின் அடிப்பக்கம், இடுப்பின் பின்புறம். மூட்டை என் இடுப்பில் விழுந்தது என்று அந்த அம்மா சொன்னார். எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு நாரி என்று பெயர். குறுக்கு என்றால் எங்களுக்குக் குறுக்கு வழிதான். 'விழுந்துச்சு' என்ற கொச்சையையும் 'விழுந்தேன்' என்று துப்புரவாக்கி, நான் நிமிர்ந்து நின்று, நல்ல உச்சரிப்போடு, 'குறுக்குப் பாதையில் விழுந்தேன், பாதையின் நட்டநடுவில்' என்று இங்கிலீஷில் சொன்னேன். சட்டத்தரணி என்னைப் பார்த்துச் சிரித்தார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். மூக்காயிக்காக வந்த சட்டத்தரணி கொழும்பிலே இங்கிலீஷில் வளர்ந்தவர். அவருக்குத் தமிழே தெரியாது.

இதுவரை நடந்தது தெரியாமல் செய்த பிழை. தெரியாமல் செய்த பிழைக்கு நான் இருபத்தெட்டு வருஷம் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். மிச்சத்தைக் கேளுங்கள்.

அடுத்துப் பெட்டியில் ஏறியவர் கிறகரி வைத்தியர். குனிந்திருந்த முதுகில் மேலேயிருந்து பாரம் விழுந்த காயம் இது என்றார். "சறுக்கி விழுந்தவ கையை ஊணாம விழுவாளுங்களா? நான் பாத்தப்ப இவ உள்ளங்கையில ஒரு கீறல் இல்ல, முட்டியில ஒரு சிராய்ப்பு இல்ல. ரெண்டு பக்கத்துச் சதையும் ஒண்ணா இறுகிக் கெடந்துச்சு" என்றார். சட்டத்தரணி, 'ஆனால் அந்தப் பெண்ணே தான் குறுக்குப் பாதையில் விழுந்ததாகச் சொல்லிவிட்டாளே' என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். வைத்தியர் திகைத்துப் போனார். பின்னாலே வாங்கிலில் உட்கார்ந்திருந்த மூக்காயி எழுந்து, "ஐயோ, நா அப்புடிச் சொல்லலைங்களே" என்றார்.

நான் அதட்டினேன். "இருங்கோ" என்றேன்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல, சாட்சிப் பெட்டியிலே முதுகைத் திருப்பிக்கொண்டு, கோட்டைத் தூக்கி, தன் இடுப்பின் பின்பக்கத்தில் கையை வைத்துக் காட்டினார். "முதலியார் ஐயா, குறுக்குன்னா இந்த எடம்ங்க. பாதை இல்ல. அவ பாதையப் பத்திப் பேசவே இல்ல" என்றார். விசாரணை அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. சாட்சி ஏன் முதுகைக் காட்டுகிறார், என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

பெரியோர்களே, அந்த இடத்தில் என் கடமை என்ன? அவர் சொன்னதை அப்படியே சொல்வது. பத்துச் சொல் இருக்குமா? அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சாட்சி மொழிபெயர்ப்பைக் குறை சொல்கிறார், கேள்விக்குப் பதில் சொல்லவில்லை' என்றேன். அதிகாரி முகம் சிவந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி அவரை எச்சரித்தார். அந்த எச்சரிக்கையையும் நானே தமிழாக்கினேன். அதை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழாக்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பேச்சியம்மா என்று ஒருவர் இருந்தார், தோட்டத்திலிருந்து வந்தவர். "குறுக்கு எண்டால் என்ன, பேச்சியம்மா?" என்று கேட்டேன். அவர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் ஊன்றிக் காட்டினார். "இதானுங்க. காலையில இருந்து நின்னு நின்னு போச்சே, இதுதான். ஏங்க, ஒங்க ஊர்ல குறுக்கு இல்லாமயா பொறக்குறாங்க?" என்று சிரித்தார். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பின்னேரம் விசாரணை மறுபடி கூடியது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தீர்ப்பு வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆனது. அந்த மூன்று கிழமையில் ஒரு கடதாசி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. முதலாம் பிரிவில் சித்தியடைந்த முதலியாருக்குத் தமிழ் தெரியாது என்று கந்தோரில் கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்களே, அது ஒன்றுதான் பயம். அதற்காக ஒரு பெண்ணின் முதுகை விற்றேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

வழக்குத் தள்ளுபடியானது. மூக்காயியின் பெயர் வேலைப் பதிவிலிருந்து வெட்டுப்பட்டது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், 'இந்த வைத்தியர் தான் பரிசோதித்த பெண்ணின் வாக்குமூலத்துக்கே முரணாகச் சாட்சி சொன்னார், இவர் நம்பத்தக்கவர் அல்லர்' என்று இரண்டு வரி. அதன் பிறகு எந்தத் தோட்டத்து வழக்கானாலும் கம்பனிச் சட்டத்தரணிகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். எனக்குத் தெரிய பதினோரு வழக்கில் நீட்டினார்கள். பதினோரு முறையும் 'நீர் நம்பத்தகாதவர் என்று தீர்ப்பு இருக்கிறதே' என்ற கேள்வியை நான்தான் அவர் முகத்துக்கு நேரே தமிழில் கேட்டேன். அவர் ஒருதடவையாவது 'இந்த முதலியாரைக் கேளுங்கள்' என்று கை நீட்டினாரா? இல்லை. "தீர்ப்பு இருக்குங்க. என் விரல் சொன்னதத்தான் நான் சொன்னேன்" என்பார். பிறகு அந்தத் தாளை விரிப்பார். சிவப்புப் பென்சிலால் இடத்தைக் குறித்து, "இந்த எடம்ங்க" என்பார். இடுப்பு என்றோ குறுக்கு என்றோ அவர் வாயால் அதற்குப் பிறகு சாட்சிப் பெட்டியில் நான் கேட்டதே இல்லை.

இப்போது தெரிகிறதா அந்தப் படம் ஏன் வந்தது? படித்த டொக்டர்களுக்கு அந்தப் புத்தி வராததற்குக் காரணம், அவர்களுக்கு இந்த மொழிபெயர்ப்பாளன் வாய்க்கவில்லை. அந்தப் படம் எனக்காக வரைந்தது. எனக்குத் தெரியாத தமிழை எனக்குக் காட்ட வரைந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு எனக்கே வலி வந்தது. கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. பெரிய இடங்களிலெல்லாம் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் என் மனிசி காரில் ஏற்றி இங்கே கெலிஓயாவுக்குக் கொண்டுவந்தாள். தெரேசா அம்மா, நீங்கள்தான் கதவைத் திறந்தீர்கள். "வாங்கய்யா, பாத்து வாங்க" என்று கையைப் பிடித்தீர்கள். நான் யார் என்று தெரிந்திருந்தால் பிடித்திருப்பீர்களோ என்னவோ.

குப்புறப் படுக்கவைத்தார். "எங்க வலிக்குதுங்க?" என்று கேட்டார். "நாரியிலை" என்றேன். தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நாரின்னா இந்த எடமாங்க?"

"ஓம்."

"நாங்க இத குறுக்குன்னு சொல்லுவோம்ங்க" என்றார்.

அவ்வளவுதான். குத்தலாகச் சொல்லவில்லை. அரை மணித்தியாலம் எண்ணெய் போட்டுத் தேய்த்து, பிசகியிருந்ததை ஒரு அழுத்தில் சரிப்படுத்தினார். என் முகம் தலையணையில் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்ல அதைவிட வசதியான இடம் ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா? முகம் பார்க்க வேண்டியதும் இல்லை. சொல்லவில்லை. எழுந்து நிமிர்ந்து நடந்து போனேன். அதன் பிறகு பதின்மூன்று வருஷம் ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வாங்கில் முன்னால் அவர் இருப்பார். சமாதானம் சொல்லித் திரும்பிப் பார்க்கும்போது என்னைப் பார்த்தும் தலையசைப்பார். நானும் அசைப்பேன். வெட்கங்கெட்டவன்.

அவர் இறந்த பிறகு இதை ஏன் சொல்கிறாய், சாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது எதற்கு வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நியாயம்தான். அடக்கம் நடந்த அன்று கல்லறை வாசலில் இராமகிருஷ்ணன் ஐயா ஒரு தாளை என்னிடம் காட்டி, இதை வாசித்துச் சொல்லுங்கள் என்றார். வருகிற மாதம் பதினாலாம் திகதி ஒரு கொழுந்துப் பெண்ணின் முதுகு வழக்கில் மேபல் முதல் தடவையாகச் சாட்சி சொல்லப் போகிறார். அதற்கு எதிர்ப்பு மனு. நம்பத்தகாதவர் என்று தீர்ப்பான ஒருவரிடம் தொழில் படித்தவள், இவளையும் நம்ப முடியாது என்று எழுதி, எழுபத்தொன்றாம் ஆண்டுப் பக்கத்தைக் கூடவே குத்தியிருந்தார்கள். நான் வாசித்தேன். என் பிழை அவரோடு குழிக்குள் போகவில்லை. மகள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

ஆகவே இன்று காலையில் சமாதான நீதவான் முன்னிலையில் இதில் ஒப்பமிட்டேன். சத்தியக்கடதாசி. இப்போது நான் சொன்ன அத்தனையும் இதில் இருக்கிறது, பேச்சியம்மாவின் தேத்தண்ணிக் கடை உட்பட. மகளே மேபல், இதைப் பிடியுங்கள். பதினாலாம் திகதி நானும் வருவேன். மொழிபெயர்ப்பாளனாக அல்ல. சாட்சிப் பெட்டியில் ஏறி, யாருடைய 'நான்' என்பதில் சந்தேகம் இல்லாமல் சொல்வேன். என் பெயர் கெடும். கெடட்டும், அவர் பெயரைக் கெடுத்துத்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தேன். என் கால் நடக்கும்வரை தோட்டத்து முதுகு வழக்கு எதற்கும் கூப்பிடுங்கள். அந்தத் தாள் மனிதனை நான் சுமந்துகொண்டு வருகிறேன். பெயர் தெரியாத இடத்தை முதலில் கேட்டுப் படித்துக்கொண்டு வாயைத் திறக்கிறேன். வைத்தியர் கிறகரி அவர்களுக்கு நான் செய்யக்கூடிய அஞ்சலி இவ்வளவுதான். போதாது என்று தெரியும்.

இனி, சுவரோரம் நிற்பவர்கள். கதிரை கொண்டுவந்து கொடுத்தும் இருக்க முடியாமல், பேச்சுத் தொடங்கியதிலிருந்து அந்த யன்னலோரம் நிற்கிற வெள்ளைச் சேலை அம்மாவைப் பாருங்கள். அவர்தான் மூக்காயி. அம்மா, அன்றைக்கு நான் 'இருங்கோ' என்று அதட்டினேன். எங்கள் ஊரில் அதற்கு உட்காருங்கள் என்று அர்த்தம். நீங்கள் உட்காரவில்லை. திமிர் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, உங்கள் பேச்சில் அதற்குக் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தமாம். உங்கள் முறை வரும், கூப்பிடுவார்கள் என்று நினைத்து, அந்த முதுகோடு, விசாரணை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை.

இப்போது கூப்பிடுகிறேன். மூக்காயி அம்மா, எங்கே விழுந்தது?

சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

சபையோரே, சாட்சி சொன்னதை மொழிபெயர்க்கிறேன். 'மூட்டை என் இடுப்பில் விழுந்தது. நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.'

இந்த மொழிபெயர்ப்பு சரியானது, உண்மையானது என்று சத்தியம் செய்கிறேன்.